நேர்காணல் பயிற்சி மையத்தில் எதற்குப் பணம் கொடுக்கலாம்

சென்னையில் வேளச்சேரி, கிண்டி, தியாகராய நகர், தாம்பரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் நேர்காணல் பயிற்சி மையம் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடையோ மருந்துக் கடையோ இருக்கும்; மேலே கண்ணாடிக் கதவில் கோட் அணிந்த ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மையம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்து, பயிற்சியை இறுதிவரை முடித்தவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மையத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அங்கே நான் கண்ட குறைகளும் நிறைகளும் அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பாடத்திட்டம் முதல் விளம்பர வாசகம் வரை இவை ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிக்கொண்டவை என்பது இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

கட்டணம் 18,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 21,240 ரூபாய். இதற்கு ரெஸ்யூமே தயாரித்துத் தருவது, ஆளுமை வளர்ச்சி வகுப்பு, ஆங்கில உரையாடல் பயிற்சி, மாதிரி நேர்காணல், வேலைவாய்ப்பு உதவி ஆகிய ஐந்தும் உண்டு என்று சொன்னார்கள். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்தில் மாதிரி நேர்காணல் ஒன்றுதான் கொடுத்த பணத்துக்கு ஈடாக இருந்தது. சம்பளப் பேச்சு பற்றி நடந்த ஒரு வகுப்பு எதிர்பாராத ஆதாயம். மற்றவற்றைத் தனித்தனியாக விலை வைத்தால் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்பதால்தான் மொத்தமாகக் கட்டி விற்கிறார்கள்.

நான் வாகன உதிரிபாகத் துறையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். அம்பத்தூரில் நான் பணியாற்றிய நிறுவனத்தில் ஆர்டர் குறைந்து எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அனுபவம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூரிலும் ஓரகடத்திலும் ஆலைகளுக்குக் குறைவில்லை, ஆகவே வேலை கிடைப்பது பெரிய பாடாக இருக்காது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அனுபவசாலிகளுக்கு வேலை தேடும் முறை இன்று எப்படி இருக்கிறது என்பது கல்லூரி வளாகத் தேர்வில் வேலை வாங்கியவர்களுக்குத் தெரிவதில்லை.

1997இல் தொடங்கிய நௌக்ரி இணையதளம் இன்றும் இந்தத் துறையில் பெரும்பாலானோர் முதலில் போகும் இடம். அங்கே அண்மையில் புதுப்பிக்கப்பட்ட சுயவிவரங்களே ஆள் தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுகின்றன என்பதால், தினமும் காலையில் சுயவிவரத்தில் ஒரு முற்றுப்புள்ளியை அழித்துவிட்டுச் சேமிப்பதும், மறுநாள் அதே முற்றுப்புள்ளியைத் திரும்ப வைத்துச் சேமிப்பதும் வேலை தேடுபவர்களிடையே ஒரு நித்திய கடமையாகவே ஆகிவிட்டது. அதன் பலனாக அழைப்புகள் வருகின்றன. ஆனால் அழைப்பவர்கள் நிறுவனத்தினர் அல்லர், அவர்களுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியினர். ஒரே வேலைக்கு மூன்று கன்சல்டன்சிகளிலிருந்து அழைப்பார்கள், மூவருமே நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மறுப்பார்கள். தற்போதைய சி.டி.சி. (நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்ன, எதிர்பார்க்கும் சி.டி.சி. என்ன, நோட்டீஸ் காலம் (விலகல் கடிதம் கொடுத்த பிறகும் பணியாற்ற வேண்டிய காலம்) எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். வேலையில் இருப்பவரிடம் 90 நாள் நோட்டீஸ் காலம் என்பது குறையாகச் சொல்லப்படுகிறது. உடனே சேர முடியும் என்று சொன்னால், அப்படியானால் ஏன் வேலையில் இல்லை என்று சந்தேகத்தோடு கேட்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் தாண்டி நேர்காணல் வரை போனால், ஆலை வாசலில் பதிவேட்டில் கையெழுத்து, கைபேசி கேமராவின்மேல் ஒட்டுத்தாள், வரவேற்பறையில் காத்திருப்பு. காலை 9.30க்கு வரச் சொல்லியிருப்பார்கள். தயாரிப்புக் கூட்டம் நீண்டுவிட்டதென்று மதிய உணவுக்குப் பிறகுதான் உள்ளே கூப்பிடுவார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் மனிதவளத் துறையினர் “சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். அதன் பிறகு ஒன்றும் வராது. தேர்வாகவில்லை என்ற ஒற்றை வரி மின்னஞ்சல்கூட வராது. நாம் அழைத்தால் எடுக்க மாட்டார்கள், அல்லது “இன்னும் ப்ராசஸ்ல இருக்கு மேடம்” என்ற பதில் கிடைக்கும். எதனால் நிராகரிக்கப்பட்டோம் என்று தெரியாதபோது மனம் தானே காரணங்களைக் கற்பித்துக்கொள்கிறது. ஆங்கிலம் சரியில்லையோ, உடை சரியில்லையோ, வயது கூடிவிட்டதோ, முகத்தில் தன்னம்பிக்கை தெரியவில்லையோ என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி, உண்மையில் தெரிந்த தொழிலையே தெரியாது என்று நம்பும் நிலைக்கு வந்துவிடுகிறோம். பயிற்சி மையங்களுக்கு ஆள் பிடித்துத் தருவது இந்த மௌனம்தான். நான் படியேறிப் போனதும் அதனால்தான். வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் பலரும் அப்படித்தான் வந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணியாளர் தேர்வு முறைகள் பற்றி 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் ஆகிய இரு உளவியலாளர்கள் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேள்விகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கும் நேர்காணலைக் காட்டிலும், மனம் போனபடி கேட்கும் நேர்காணல் ஒருவருடைய பின்னாளைய வேலைத் திறனைக் குறைவாகவே காட்டிக் கொடுக்கிறது என்பது அதில் உள்ள முடிவுகளில் ஒன்று. நம் ஊர் ஆலைகளில் நான் கண்ட நேர்காணல்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. ஆகவே ஒவ்வொரு நிராகரிப்பையும் நம் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு தன்னம்பிக்கை கற்றுத்தரும் ஒரு மையம் முதல் நாள் சொல்ல வேண்டிய செய்தி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைசி நாள் வரை யாரும் சொல்லவில்லை. உங்களிடம்தான் குறை இருக்கிறது, அதைச் சரிசெய்வது எங்கள் பொறுப்பு என்பதே அவர்களுடைய வியாபாரத்தின் அடிப்படை.

முதலில் ரெஸ்யூமே. எளிய கறுப்பு எழுத்தில் இரண்டு பக்கமாக நான் வைத்திருந்ததை வாங்கி, இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் நீல வண்ணம் அடித்து, வட்டத்துக்குள் புகைப்படம் வைத்துத் தந்தார்கள். என் திறன்களெல்லாம் பட்டைகளாக மாறியிருந்தன. புள்ளியியல் மென்பொருளான மினிடாப் 80 சதவீதம், குறைபாட்டின் காரணத்தைக் கண்டு தீர்க்கும் 8டி முறை 90 சதவீதம் என்று அளந்து போட்டிருந்தார்கள். அந்த மீதிப் பத்து சதவீதம் என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று வடிவமைத்தவரிடம் கேட்டேன். “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம், பார்க்க நல்லா இருக்கும்” என்றார். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மென்பொருள். கட்டங்களும் இரட்டைப் பத்திகளும் இருந்தால் அது வரிகளைக் கலந்து படித்துவிடக்கூடும், படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் படிக்கவே படிக்காது. நான் பழையதையே திரும்ப எடுத்துக்கொண்டேன். “சவால் நிறைந்த பணிச்சூழலில் எனது திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்” என்ற பொருளில் முதல் வரியாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் இருந்த அனைவருடைய தாளிலும் அதே வாக்கியம் இருந்தது.

ஆளுமை வளர்ச்சி வகுப்புதான் மையத்தின் முகப்பு அலங்காரம். பயிற்றுநர் நன்றாகப் பேசக்கூடியவர், நேரம் தவறாதவர், யாரையும் புண்படுத்தாதவர். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் கற்பித்ததில்தான் வருத்தம். பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38 சதவீதம், முகபாவமும் உடல்மொழியும் 55 சதவீதம் என்று பலகையில் வட்டம் போட்டுக் காட்டினார். நேர்காணலில் என்ன சொல்கிறோம் என்பதைவிட எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பதே முக்கியம் என்று அதிலிருந்து முடிவுக்கும் வந்தார். இந்த எண்கள் 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலிலும் முகபாவத்திலும் காட்டி, சொல்பவருக்கு எதிரில் இருப்பவர்மீது விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். கன்ட்ரோல் பிளான் (தயாரிப்பில் எதை, எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) பற்றிக் கேட்கும் ஒரு தர மேலாளரிடம் 55 சதவீதப் பதிலைத் தோளால் சொல்லிவிட முடியாது.

அடுத்த வகுப்பில் எல்லாரையும் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, கால்களை அகட்டி, இரண்டு நிமிடம் அப்படியே நிற்கச் சொன்னார். இப்படி நின்றால் உடலில் சுரக்கும் ஹார்மோன்களே மாறித் துணிச்சல் வரும் என்றும், நேர்காணலுக்கு முன்பு ஆலையின் கழிவறையில் யாரும் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டும் என்றும் அறிவுரை. 42 பேரை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மூலம். 200 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் வெளியான ஆய்வில் ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. தெம்பாக இருப்பது போன்ற எண்ணம் மட்டும் வந்தது. மூல ஆய்வின் முதல் ஆசிரியரான டானா கார்னியே, இந்த விளைவு உண்மையானது என்று தாம் நம்பவில்லை என்று 2016இல் வெளிப்படையாக எழுதிவிட்டார். இதையெல்லாம் இணையத்தில் தேடினால் கண்டுகொள்ளலாம். பணம் வாங்கிப் பாடம் நடத்துபவர்கள் தேடியிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்காருவதிலும் எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசுவதிலும் தவறில்லை; ஆனால் அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஆங்கில வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலக்கணப் பயிற்சித்தாள்களை நிரப்பினோம். என் துறையில் மேலாளர்கள் பாதித் தமிழில்தான் கேள்வி கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மாதிரி நேர்காணல் சனிக்கிழமைகளில் நடந்தது. கண்ணாடித் தடுப்பு போட்ட சிறிய அறை, ஒரு மேசை, முக்காலியில் கேமரா. வகுப்பு நடத்துபவர்கள் அங்கே கேள்வி கேட்பதில்லை. வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் உதிரிபாக ஆலை ஒன்றில் தயாரிப்புப் பிரிவில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற மேலாளர்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா” என்றார். வகுப்பில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்த பதிலைத் தொடங்கினேன். பிறந்த ஊர், படித்த கல்லூரி, குழுவாக இயங்கும் பண்பு, புதியவற்றைக் கற்கும் ஆர்வம் என்று அது போய்க்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது இவங்க எழுதிக் குடுத்ததா?”

ஆம் என்றேன்.

“விடுங்க. உங்க லைன்ல வந்த பெரிய கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் ஒண்ணு சொல்லுங்க.”

அலுமினிய ஹவுசிங் (உறைப் பாகம்) ஒன்றில் துளையின் விட்டம் குறைவாக இருக்கிறதென்று வாடிக்கையாளர் ஒரு தொகுதியைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். துளை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டார், 40 என்றேன். டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு, என்ன என்று கேட்டார். மைனஸ் பக்கம் பூஜ்யம், பிளஸ் பக்கம் 25 மைக்ரான் என்றேன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளிப் படம் போடச் சொன்னார். போட்டேன். பிறகு ஒரு மணி நேரம் அந்தத் தாளைவிட்டு அவர் நகரவில்லை.

எங்கள் ஆலையில் அளக்கும்போது சரியாக இருந்த துளை வாடிக்கையாளரிடம் போனதும் எப்படிக் குறைந்தது? இரண்டாம் ஷிப்டில் ஓடிய பாகங்களில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும் ஏன் வந்தது? இயந்திரத்திலிருந்து எடுத்த கையோடு, சூடு ஆறாத பாகத்தில், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை விட்டு அளந்துகொண்டிருந்தார்கள். சூட்டில் அலுமினியம் விரிந்திருப்பதால் துளை பெரிதாகக் காட்டும். பெரிதாகக் காட்டுகிறதே என்று ஆபரேட்டர், வெட்டும் அளவைத் திருத்தும் டூல் ஆஃப்செட்டைக் குறைத்துவிடுவார். பாகம் ஆறியதும் துளை அளவுக்குக் கீழே போய்விடும். அளவீடுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்துப் பிற்பகலில் எங்கள் ஷெட்டில் அதை யாரும் கனவில்கூடக் காண முடியாது. இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: “சரி, இதுல நீங்க பண்ணது எது?”

நான் குழு செய்தது, துறை செய்தது என்றே சொல்லிக்கொண்டு போயிருந்தேன். இரண்டாம் ஷிப்டு பாகங்களைத் தனியாகப் பிரித்து வைத்து மறுநாள் காலையில் திரும்ப அளக்கச் சொன்னது நான். பாகங்களை ஆற வைத்து அளக்க வேண்டும் என்று கன்ட்ரோல் பிளானில் திருத்தம் கொண்டுவந்ததும் நான். அதைச் சொல்லுங்கள் என்றார். “எவ்வளவு மாறும்னு கணக்குப் போட்டீங்களா?” என்று அடுத்துக் கேட்டார். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். 40 மில்லிமீட்டர் துளை 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 14 மைக்ரான். டாலரன்ஸில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. அவரே தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டி, “இந்த 14ஐ முதல் ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டீங்கன்னா எதிர்ல இருக்கறவன் பேனாவைக் கீழ வெச்சிருவான்” என்றார்.

பதிவைப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். மனப்பாடப் பதில் ஓடிய பகுதியில் என் கண்கள் கூரையைத் தேடிக்கொண்டிருந்தன, குரல் தட்டையாக இருந்தது, கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. படம் போடத் தொடங்கியதிலிருந்து நான் மேசைமேல் சாய்ந்து, பேனாவால் சுட்டிக்காட்டி, ஒரு இடத்தில் அவரை மறுத்தும் பேசியிருக்கிறேன். ஆளுமை வகுப்பில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சொல்லிக் கொடுக்காமலே அங்கே வந்திருந்தது. எழுதிக் கொடுத்த பதில் இரவல் நகை. போட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கை கழுத்துக்கே போய்க்கொண்டிருக்கும். சொந்த வேலையை அதன் எண்களோடு சொல்லத் தெரிந்தவருக்குத் தன்னம்பிக்கை என்று தனியாக ஒரு பாடம் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. ஆனால் சொந்த வேலையில் சொல்லத்தக்கது எது என்பது நமக்கே தெரிவதில்லை. தினமும் செய்வதால் அது சாதாரணமாகப் பட்டுவிடுகிறது. அதைத் தோண்டி எடுக்க அந்தத் தொழில் தெரிந்த, பொறுமையுள்ள, எதிரில் உட்கார்ந்து கேட்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது. மையத்தில் பணம் கொடுத்து வாங்கத்தக்கது அவருடைய அந்த ஒரு மணி நேரம்தான்.

தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதிலும் அவரிடம் தெளிவு இருந்தது. அளவீட்டு முறையையே சோதிக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் ஆய்வில் அளவீட்டால் வரும் மாறுபாடு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம், 30க்கு மேல் போனால் ஏற்கக் கூடாது என்பதைச் சொன்னேன். அதன் தொடர்ச்சியாக அவர் கேட்ட இன்னொன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை. சுற்றி வளைத்துப் பேச முயன்றபோது, “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கம்மா. ஆனா அதோட நிறுத்தாதீங்க, எங்க போய்ப் பார்ப்பீங்கன்னு சொல்லுங்க” என்றார். மையத்தின் கையேட்டில் இதற்கு நேர்மாறாக, ஒருபோதும் தெரியாது என்று சொல்லாதீர்கள் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது அமர்வை நடத்தியவர் மனிதவளத் துறையில் பணியாற்றும் ஓர் இளம்பெண். உங்கள் பலவீனம் என்ன என்ற வழக்கமான கேள்விக்கு, அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் பலவீனம் என்ற கையேட்டுப் பதிலை நான் சொன்னதும், இந்த வாரம் மட்டும் அதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டாகிவிட்டது என்று அவரே சிரித்துவிட்டார். பெண்களிடம் ஆலைகளில் தவறாமல் கேட்கப்படும் திருமணம், குழந்தை, இரவு ஷிப்டு ஆகியவை பற்றியும் கேட்டுப் பழக்கினார். இது பயனுள்ள பகுதி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பெண்களின் இரவுப் பணியைத் தடுத்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று அறிவித்து, பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. அப்படியிருந்தும் இந்தக் கேள்வி இன்றும் ஒரு தடைக்கல்லாகவே வைக்கப்படுகிறது. “இரவு ஷிப்டு பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டு, வண்டி வீட்டு வாசல்வரை வருமா, அந்த ஷிப்டில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்கச் சொன்னார். திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு; குறைந்தபட்சம் அந்த அறையில் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டால் உண்மையான இடத்தில் நா எழும்.

சம்பளப் பேச்சு வகுப்பையும் அவர்தான் எடுத்தார். 7,20,000 ரூபாய் சி.டி.சி. என்றால் மாதம் 60,000 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களைப் பலகைக்கு அழைத்துக் கணக்குப் போட வைத்தார். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் செலுத்தும் 12 சதவீத வருங்கால வைப்புநிதி 43,200 ரூபாய், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமாகிய பணிக்கொடை 17,316 ரூபாய், பத்து சதவீத வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகை, 72,000 ரூபாய். இவற்றைக் கழித்து, நம் பங்கு வைப்புநிதியையும் பிடித்தால் மாதம் 45,357 ரூபாய்தான் நிற்கும். தொழில்வரியும் மற்றப் பிடித்தங்களும் அதற்கு மேல். வேரியபிள் தொகை கடந்த ஆண்டு எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது என்று கேளுங்கள் என்றார். இதற்கு மேலாளர்களே தயங்குவார்கள், ஆனால் கேட்டதற்காக வேலையை மறுக்க மாட்டார்கள்.

வேலைவாய்ப்பு உதவி என்பது சுத்த ஏமாற்று. வாசலில் 100 சதவீத உறுதி என்று எழுதியிருக்கிறது. கையெழுத்திட்ட படிவத்தில் அது “உதவிக்கு முயற்சி” என்று சுருங்கிவிட்டது. அவர்கள் அனுப்பியவை டெலிகிராமில் இலவசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வாக்-இன் அறிவிப்புகள். அவற்றில் சில, முன்பணம் கட்டினால் வேலை என்று சொல்பவை. வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் வேலை இல்லை என்றுதான் பொருள். இந்த ஒரு காரணத்துக்காகவே மையத்தின்மீது புகார் கொடுத்திருக்கலாம் என்று என் தம்பி இன்றும் சொல்கிறான். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் கட்டணம் எதுவும் இல்லை. நிறுவனத்தின் பெயரும் மறைக்கப்படுவதில்லை. கல்லூரியில் படிப்பவர்களானால் 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவர்கள் மாடிப்படி ஏற வேண்டியதே இல்லை.

எனக்கு இப்போது ஓரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே நேர்காணல் குழு 40 மில்லிமீட்டர் துளையைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாடிக்கையாளர் தணிக்கையில் பெரிய குறைபாடு ஒன்று எழுதப்பட்டால் முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நடந்த தணிக்கை ஒன்றை எடுத்து, என்ன எழுதப்பட்டது, கிடங்கில் இருந்த எத்தனை பெட்டிகளை நிறுத்தி வைத்தோம், அதில் என் முடிவு எது என்று சொன்னேன். அதற்கு முன்பு வேறோர் ஆலையில் இதே போல் நன்றாகப் பேசியும் பதில் வரவில்லை; இன்றுவரை வரவில்லை.

சேர நினைப்பவர்களுக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முழுப் பயிற்சிக்குப் பணம் கட்டாமல், மாதிரி நேர்காணலுக்கு மட்டும் என்ன கட்டணம் என்று கேளுங்கள். விலைப்பட்டியலில் அது இருக்காது. வரவேற்பில் இருப்பவர் அப்படியெல்லாம் இல்லை என்றுதான் முதலில் சொல்வார். எழுந்து கிளம்பினால் பொறுப்பாளரை அழைப்பார். எங்கள் மையத்தில் ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று எனக்குப் பின் வந்த ஒருவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன், கேள்வி கேட்கப் போகிறவர் எந்தத் துறையில் என்ன பொறுப்பில் இருந்தவர், உங்கள் தொழில் அவருக்குத் தெரியுமா, பதிவின் பிரதியைக் கையில் தருவார்களா என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். துறை தெரியாதவர் வந்தால் தேதியை மாற்றித் தரச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காதவர்களுக்கு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.